மார்கழியில் சைக்கிள்: வேலைக்குப் புதிதாக மிதிக்க வருகிறவர்களுக்கு

என் முதல் மார்கழியில் நான் செய்த தப்பு, குளிருக்குப் பயந்ததுதான். ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜெர்கின், தலைக்குக் குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றி மப்ளர். பல்லடம் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் மிதித்துத் திருப்பூர் போய்ச் சேர்ந்தபோது உள்ளே போட்டிருந்த பனியனைப் பிழிந்து காயப்போடலாம் போலிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. காதை மூடியிருந்ததால், பின்னால் வந்த கம்பெனி வேனின் சத்தம் தோளுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்டது. அவ்வளவு துணியைச் சுமந்துகொண்டு போன நான், சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட் மாட்டியிருக்கவில்லை.

இது பதினோராவது குளிர்காலம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மார்கழி, தை விடிகாலையில் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாள் 15, 16 வரை இறங்கும். மிதிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் உடம்பு தானாகச் சூடேறிவிடும். நம் ஊர்க் குளிரில் சைக்கிள்காரனுக்கு ஆபத்து இருட்டிலும் மூடுபனியிலும் ஈரத்திலும்தான் இருக்கிறது. அதனால் இங்கே துணிமணிக்குக் கொஞ்சமும், வெளிச்சத்துக்கும் பிரேக்குக்கும் நிறையவும் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நமக்குக் குளிர்காலம் என்பது இரண்டு வெவ்வேறு காலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மார்கழி, தை, மாசிப் பாதி பனிக்காலம். மழைக்காலத்துக்கு மட்கார்டும் பிரேக்கும் முக்கியம், பனிக்காலத்துக்கு லைட். இரண்டையும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டியதில்லை. புரட்டாசியில் பிரேக்கைப் பாருங்கள், கார்த்திகைக்குள் லைட் வந்துவிடட்டும்.

பொழுது விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். டிசம்பர் முடிந்தால் சீக்கிரம் விடிய ஆரம்பித்துவிடும் என்று நினைப்போம். திருப்பூரில் டிசம்பர் நடுவில் சூரியன் கிளம்புவது சுமார் 6.30க்கு. ஜனவரி மூன்றாவது வாரத்தில் அது 6.45 ஆகிவிடுகிறது. வருஷத்திலேயே பிந்தி விடிவது பொங்கல் முடிந்த பிறகுதான். சாயங்காலம் இதற்கு நேர்மாறு. நவம்பர் நடுவில் ஆறு மணி அடிப்பதற்குள்ளேயே பொழுது விழுந்துவிடும். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்குத் தை மாசக் காலை மோசம். ஆறு மணிக்கு வேலை விட்டு வருகிறவருக்குக் கார்த்திகை மாலை மோசம். உங்கள் நேரம் எதில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று ஆளையே தள்ளும். குளிர்காலத்தில் அது திசை மாறி வடகிழக்கிலிருந்து வாடையாக வரும். வேகம் குறைவுதான், ஆனால் பல்லடம் பக்கமிருந்து திருப்பூர் போகிற எனக்குக் காலையில் அது முகத்துக்கு நேராக அடிக்கிறது. எங்கள் பக்கம் இருக்கிறவர்களுக்குக் காற்று பார்க்கக் கருவி வேண்டாம். தோட்டங்களுக்கு நடுவே நிற்கிற காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். எதிர்காற்று நாளில் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். அதை ஈடுகட்ட இருட்டில் வேகமாக மிதிப்பது வேண்டாத வேலை.

தடத்தை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்

வேலை நாளில் முதல்முறையாகப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குக் கிளம்புகிற அதே நேரத்துக்கு, அதே தடத்தில் ஒருமுறை போய் வாருங்கள். மூன்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரம் புதியவருக்குச் சரியாக இருக்கும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஐந்து கிலோமீட்டருக்கு 25 நிமிஷம். மூடுபனி நாளுக்கு அதோடு பத்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது பார்க்க வேண்டியவை: எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது, எங்கே குழாய் போடத் தோண்டி மூடிய பள்ளம் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிறது. பகலில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இருட்டில் ஞாபகத்தில் இருந்தால்தான் உண்டு.

மூடுபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது. வாய்க்கால் ஓரம், குளத்தங்கரை, தண்ணீர் பாய்ச்சிய வயல், பள்ளமான இடம், இங்கெல்லாம் கெட்டியாக நிற்கும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்காலைத் தாண்டும்போது பத்தடி தெரியாது, தாண்டி மேட்டில் ஏறினால் நூறடி தெரியும். கோபி பக்கம் கீழ்பவானிப் பாசன வயல்களுக்கு நடுவே போகிறவர்களுக்கும், கோவையில் சிங்காநல்லூர்க் குளத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கும் இது பழகிய சங்கதி. உங்கள் தடத்தில் அப்படிப்பட்ட இடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அங்கே மட்டும் மெதுவாகப் போகப் பழகிக்கொள்ளுங்கள்.

மெயின் ரோடா, இட்டேரியா (தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற மண் தடம்)? இதற்கு ஒரே பதில் கிடையாது. இட்டேரியில் வண்டிப் பயம் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருந்தால் வேலி வெட்டிய மறுநாள் தடம் முழுக்க முள். மழை பெய்த மறுநாள் சேறு. நான் மழைக்காலத்தில் தார் ரோட்டிலும், பனிக்காலத்தில் காய்ந்த இட்டேரியிலும் போகிறேன். வேலி வெட்டுகிறார்களா என்று முதல்நாள் சாயங்காலம் திரும்பும்போது ஒரு கண் வைப்பேன்.

தடத்தில் விடிகாலையிலேயே திறக்கிற பேக்கரி ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பேக்கரி என்றால் டீக்கடை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். பனி கெட்டியாக இருந்தால் நின்று ஒரு டீ குடித்துக் கால் மணி நேரம் தள்ளிக் கிளம்பலாம். மழை திடீரென்று பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம். டியூப் போனால் சைக்கிளை நிறுத்திவிட்டு பஸ் ஏறவும் அதுவே இடம்.

வெளிச்சம்

இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, நீங்கள் ரோட்டைப் பார்ப்பது. இன்னொன்று, மற்றவர்கள் உங்களைப் பார்ப்பது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முன்னால் பெரிய டார்ச் ஒன்று வாங்கி மாட்டிவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் பின்பக்க சிவப்பு லைட்டை வாங்குங்கள். எதிரே வருகிற வண்டி உங்களுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். பின்னால் வருவது உங்கள் கையில் இல்லை.

பின் லைட்டை மினுக்கும்படி மட்டும் வைத்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குப் பிடிபடாது. நின்று எரிகிற லைட் ஒன்று கட்டாயம் வேண்டும். முடிந்தால் மினுக்குவது ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். கேரியரில் பையோ டிபன் கேரியரோ வைத்தால் அது லைட்டை மறைக்கிறதா என்று இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் மாட்டிய லைட்டைத் தொங்குகிற சட்டை நுனி மூடியிருப்பதை நான் வாரத்துக்கு இரண்டு பேரிடமாவது பார்க்கிறேன்.

முன் லைட்டுக்கு, செல்போன் சார்ஜரில் ஏற்றிக்கொள்கிற எல்.இ.டி. போதும். 200லிருந்து 400 லூமன் வரை இருந்தால் நம் ரோட்டுக்குத் தாராளம். அதைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பத்துப் பதினைந்து அடி முன்னால் ரோட்டில் விழுகிற மாதிரி மாட்டுங்கள். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசும். மூடுபனியில் அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும், முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி ஆகிவிடும். பனியில் வெளிச்சத்தைக் குறைத்தால்தான் ரோடு தெரியும். நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒருநாள் இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள்.

டைனமோ வைத்த பழைய சைக்கிள் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம், சார்ஜ் தீராத லைட் அது. ஆனால் டயரில் உரசிச் சுற்றுகிற டைனமோ மழையில் வழுக்கும். நீங்கள் நின்றால் அதுவும் நின்றுவிடும். சிக்னலில் நிற்கிற நேரத்தில் இருட்டாகிவிடுகிற ஒரு சாதனத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது ரேடியம் ஸ்டிக்கர். அதில் ரேடியம் ஒன்றும் கிடையாது, படுகிற வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்புகிற தாள்தான். நாமக்கல்லிலிருந்து பொள்ளாச்சி வரை லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடை இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. அங்கே துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் ஃபோர்க்கில் வெள்ளை, சக்கரக் கம்பிகளில் மஞ்சள். எல்லாவற்றையும்விட வேலை செய்கிற இடம் பெடலும் செருப்பின் குதிகாலும். மேலும் கீழும் போகிற இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்தால், தூரத்தில் வருகிற டிரைவருக்கு அது சைக்கிள் என்று உடனே தெரியும். அசையாத ஒரு சிவப்புப் புள்ளி கல்லாகவும் இருக்கலாம், நிறுத்தின லாரியாகவும் இருக்கலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சோதனை. இருட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு நூறு அடி எடுத்து வைத்துப் பின்னால் போங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துச் சைக்கிள் மேல் அடியுங்கள். லாரி டிரைவருக்கு என்ன தெரியுமோ அது உங்களுக்கும் தெரியும். பக்கவாட்டிலும் இதையே செய்து பாருங்கள். பக்கவாட்டில் ஒன்றுமே மின்னாமல் இருந்துவிடக் கூடாது, அதுதான் சந்திலிருந்து வருகிற வண்டி அடிக்கிற இடம்.

சைக்கிளைத் தயார் செய்வது

உங்களிடம் என்ன சைக்கிள் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்ததோ, அப்பா ஓட்டிய 22 இஞ்சோ ஆனால் அதன் ரிம் இரும்பு. காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கிற பிரேக் கட்டை, நனைந்தால் அந்தப் பளபளப்பான ரிம்மில் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் கொஞ்சம் தேவலை. டிஸ்க் பிரேக் ஈரத்துக்கு அவ்வளவாக அசராது. இரும்பு ரிம்காரர்கள் மழைக்காலத்துக்கு முன்னால் நாலு கட்டையையும் புதிதாக மாற்றிவிடுங்கள். ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள்.

ஈரத்தில் பிரேக் பிடிக்கிறது ஒரு பழக்கம். நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டு வையுங்கள். சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றுவதற்குள் கட்டை ரிம்மின் தண்ணீரை வழித்துவிடும். அதற்குப் பிறகு அழுத்தினால்தான் பிடிப்பு வரும். கடைசி நேரத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே போடும். வளைவில் பிரேக்கைத் தொடவே வேண்டாம், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். மழை நாளில் அதிலிருந்து ஒரு துளி குறைத்து வைத்தால் ரோட்டைக் கொஞ்சம் அகலமாகப் பிடிக்கும். ரொம்பவும் இறக்கிவிட்டால் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்மில் கடிபட்டு ஓட்டையாகிவிடும். ஈரத்தில் பஞ்சர் அதிகம் ஆகும். நனைந்த ரப்பரில் கண்ணாடித் துண்டும் முள்ளும் சுலபமாக இறங்கும். பழைய சைக்கிளில் வால்வு டியூப் (காற்றடிக்கிற வால்வின் மேல் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய்) போட்டிருந்தால் இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ கொடுத்துப் புதிது ஒன்று மாற்றிவிடுங்கள், உதிரியாக ஒன்று பையிலும் கிடக்கட்டும்.

கியர் சைக்கிள் வாங்கியவர்கள் கவனிக்க: நிறைய மாடல்களுக்கு மட்கார்டு வருவதில்லை. மழை நாளில் முதுகில் சேற்றுக்கோடு வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் போக வேண்டியிருக்கும். கடையில் சொன்னால் பிளாஸ்டிக் மட்கார்டு போட்டுத் தருவார்கள். முன் மட்கார்டு முடிகிற இடத்தில் பழைய டியூபை ஒரு சாண் நீளம் வெட்டித் தொங்கவிட்டால் செருப்பும் பேண்டும் தப்பிக்கும்.

செயின் எண்ணெய் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, நான் எல்லாத் தப்பையும் செய்து பார்த்தவன். காங்கேயம் பக்கம் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊட்டில் எண்ணெய்க்குக் குறைவில்லை, கொப்பரை ஆட்டிய எண்ணெய் டின்னில் இருக்கும். ஒரு தடவை அதிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்து செயினுக்கு விட்டேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது மார்கழியில் குளிப்பதற்கு முன் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். செயினுக்கு விடும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை. விடிகாலையில் செயின் மேல் வெள்ளையாக மெழுகு பூத்து நின்றது, அதில் இட்டேரிப் புழுதி ஒட்டி ஃப்ரீவீல் வரை அப்பிக்கொண்டது. சைக்கிள் கடை அண்ணன் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏனுங் தம்பி, இது செயினுங்களா, தாளிக்கிற வடச்சட்டிங்களா?"

அடுத்த வருஷம் தையல் மிஷின் எண்ணெய். திருப்பூரில் அதற்குப் பஞ்சமா? காய்ந்த நாளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ரொம்ப நீர்த்தது, ஒரு மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். ஒர்க்ஷாப்பில் கிடைக்கிற வேஸ்ட் ஆயில் கழுவாது, ஆனால் புழுதியைப் பிடித்து அரம் மாதிரி செயினை அறுக்கும், பேண்டையும் கருப்பாக்கும். இப்போது நான் செய்வது: மழைக்காலத்தில் சைக்கிள் கடையில் விற்கிற கெட்டியான செயின் ஆயில், தை பிறந்த பிறகு மிஷின் எண்ணெய். எதை விட்டாலும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்று, அப்புறம் வெளியே வழிவதைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருப்பது புழுதிக்குப் போடுகிற விருந்து.

உடுத்துவது

வீட்டை விட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் நாலாவது கிலோமீட்டரில் வேர்த்துக் கொட்டும்.

ஐரோப்பாக் குளிருக்குத் துணி தைத்து அனுப்புகிற ஊர் நம்முடையது. திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் ஏற்றுமதியில் மிஞ்சிய முழுக்கை டீ சர்ட்டும் மெல்லிய ஜாக்கெட்டும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உள்ளே போடுவது பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றவுடன் அந்த ஈரம்தான் நடுக்கத்தைக் கொடுக்கும். பனியன் ஊர்க்காரன் பருத்தியைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் உண்மை அதுதான். வெளியே போடுவது முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருந்தால் போகப் போகத் திறந்துவிட்டுக்கொள்ளலாம். ஜாக்கெட் இல்லாதவர்கள் சட்டைக்குள்ளே நெஞ்சுக்கு நேராக ஒரு மடிப்பு நியூஸ்பேப்பர் வைத்துக்கொள்ளலாம். எதிர்காற்றை அது நிறுத்துவது மாதிரி எதுவும் நிறுத்தாது, போய்ச் சேர்ந்ததும் எடுத்துப் படிக்கவும் செய்யலாம்.

கை விரல் மட்டும் சூடு ஏறாமல் விறைக்கும். பிரேக் பிடிக்க விரல் வேண்டும் என்பதால் கையுறை போடுங்கள். ஒர்க்ஷாப்பில் போடுகிற நூல் கையுறையே போதும், பனியில் நனைந்துவிடும் என்பதால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

குரங்குக் குல்லா வேண்டவே வேண்டாம். காது கேட்காது, பக்கப் பார்வை போய்விடும். மெல்லிய துணியில் காதை ஒட்டி ஒரு பட்டை கட்டி அதன் மேல் ஹெல்மெட் போட்டால் சரியாக இருக்கும். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் ஈர ரோட்டில் விழுகிறவன் பக்கவாட்டில்தான் விழுவான், தலை நேராகத் தரைக்குப் போகும். மப்ளர், துப்பட்டா நுனிகளைச் சட்டைக்குள் செருகி முடிச்சுப் போட்டுவிடுங்கள். சேலை கட்டிப் போகிற அக்காமார்கள் பின் சக்கரத்துக்குச் சேலை கார்டும் செயினுக்கு முழு மூடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி போடுகிறவர்கள் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், மூச்சுக்காற்று மேலே போய்க் கண்ணாடியை மூடிவிடும். வீசிங் இருக்கிறவர்கள் பனியோடு குப்பைப் புகையும் சேர்ந்து நிற்கிற விடிகாலையில் வராமல் பொழுது கிளம்பிய பிறகு வருவது நல்லது.

ரோட்டில்

ரோட்டின் இடது விளிம்பை ஒட்டி ஒட்டிப் போகாதீர்கள். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே வாருங்கள். தார் முடிந்து மண் ஆரம்பிக்கிற இடத்தில் நம் ரோடுகளில் நாலு விரல் உயரத்துக்குப் படி இருக்கும், மழைக்காலத்தில் மண் கரைந்து அது இன்னும் ஆழமாகும். தவறி மண்ணில் இறங்கிவிட்டால் ஓடிக்கொண்டே தாருக்கு ஏற முயற்சி செய்யக் கூடாது. சாய்வாக ஏறும்போது முன் சக்கரம் அந்தப் படியில் உரசி மாட்டிக்கொள்ளும், நீங்கள் ரோட்டுப் பக்கமாக விழுவீர்கள், பின்னால் வருகிறவருக்கு நேராக. மண்ணிலேயே நின்று, இறங்கி, தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பனி இறங்கிய காலையில் வழுக்குகிற இடங்கள்: ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயிண்ட், இரும்பு மூடி, தண்டவாளம், ஆலைக்குப் போகிற லாரிகள் எண்ணெய் சொட்டிய வளைவு. இவற்றின் மேல் போகும்போது ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், நேராக உருட்டிக்கொண்டு தாண்டிவிடுங்கள். தண்டவாளத்தைச் செங்குத்தாக வெட்டித் தாண்ட வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் இறங்கும்.

தை மாசத்தில் இன்னொன்று. கொள்ளும் மக்காச்சோளமும் அறுத்துக் கிராமத்து ரோட்டில் காயப் போடுவார்கள், கொள்ளுச் செடியை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டை அடைத்துப் பரப்புவார்கள். களம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் நியாயம்தான். ஆனால் சைக்கிளுக்கு அது உருளைக்கல் மேல் போகிற மாதிரி. கொடி செயினில் சுற்றிக்கொண்டால் ஃப்ரீவீல் வரை இழுத்துப் பூட்டு போட்டுவிடும். நான் ஒருமுறை அதில் விழுந்து முழங்கை தேய்ந்தது. ஓடிவந்து தூக்கிவிட்ட ஆத்தா முதலில் கேட்டது, "சாமி, கொள்ளு சிந்திருச்சா?" இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

மூடுபனியில் காதுதான் கண். செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். பெல்லை அடித்துக்கொண்டே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால் அதன் லைட்டுக்கு இரண்டு பக்கமும் மூன்றடி தட்டு நீட்டிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட்டைப் பார்த்து ஒதுங்கினால் தட்டு முகத்தில் அடிக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு அவசரமாக வருகிற கம்பெனி வேன்களின் முன் கண்ணாடி உள்ளே இருப்பவர்களின் மூச்சில் வேர்த்துப்போய் இருக்கும், டிரைவர் துடைத்த ஒரு சாண் அகலத்தில்தான் ரோட்டைப் பார்க்கிறார். கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டு ரோட்டில் வருகிற சபரிமலை வண்டிகளை இரவெல்லாம் ஓட்டி வந்தவர்கள் ஓட்டுகிறார்கள். விடிகாலை நாலிலிருந்து ஆறு வரை அவர்களுக்குக் கண் சொக்குகிற நேரம். சத்தம் நெருங்கி வருகிறது, வேகம் குறையவில்லை என்றால் நான் மானம் பார்க்காமல் மண்ணில் இறங்கி நின்றுவிடுவேன்.

தைப்பூசத்துக்கு முந்தின பத்து நாள் தாராபுரம் ரோடு, உடுமலை ரோடு இரண்டிலும் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இடது ஓரம் முழுக்க இருப்பார்கள். வெயிலுக்கு முன்னால் தூரம் கடக்க இரவிலும் விடிகாலையிலும்தான் நடப்பார்கள். கருப்பு ரோட்டில் பச்சை வேட்டி தெரியாது. அந்த நாட்களில் முன் லைட்டைக் கொஞ்சம் தூரத்துக்குத் தூக்கி வையுங்கள், பெல் அடித்து, "சாமி, வழி விடுங்" என்று ஒரு குரல் கொடுங்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் சட்டென்று ஒதுங்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நாய்கள். தார் ரோடு பகல் சூட்டை வைத்திருக்கும் என்பதால் குளிரில் நடு ரோட்டில் படுத்திருக்கும். குட்டி போட்டிருக்கிற காலமும் இதுதான், தாய் நாய் துரத்தும். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மழை பிடித்தால்

ஐப்பசியில் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். காலையில் வெயில் அடிக்கிறது என்று மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். கோட்டும் பேண்டும் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். போர்த்துகிற மாதிரி இருக்கிறது காற்றில் பாய்மரம் ஆகிவிடும். சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு போன காலத்தில் சைக்கிள் ஓட்டியவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள். இடி இடித்தால் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், தென்னை மரத்தடியில் நிற்காதீர்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் அடி தெரியாவிட்டால் இறங்காதீர்கள். கோவையில் லங்கா கார்னர் மாதிரி ரயில் பாலத்துக்கு அடியில் போகிற வழிகள் ஒரு மணி நேர மழைக்கே நிரம்பிவிடும், நொய்யலில் தண்ணீர் வந்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். ஓடுகிற தண்ணீர் முழங்கால் வரை இருந்தாலே சைக்கிளோடு ஆளைச் சாய்த்துவிடும். சுற்றிப் போங்கள், அல்லது அன்றைக்கு லீவு சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

வேலை இடத்தில் ஒரு துண்டும் ஒரு சட்டையும் எப்போதும் கிடக்கட்டும். வந்தவுடன் ஃபேனுக்கு அடியில் உட்காராமல் ஐந்து நிமிஷம் நடந்து, வேர்வை அடங்கிய பிறகு மாற்றுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள்.

நனைந்து வந்த நாளில் சாயங்காலம் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இரண்டு நிமிஷம் செலவழித்து, பனியன் வேஸ்ட்டால் செயினையும் ரிம்மையும் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் காலையில் செயினில் செம்பழுப்பாகத் துரு நிற்கும். லைட்டைக் கழற்றி, செல்போனோடு சேர்த்தே சார்ஜ் போடுங்கள், அப்போதுதான் மறக்காது.

கம்பெனியில் கூரை இல்லாத இடத்தில் சைக்கிளை நிறுத்துகிறவர்கள் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் சீட்டு பனியில் ஊறிப் போயிருக்கும். துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும் ஸ்பாஞ்சுக்குள் இருக்கிற தண்ணீர் மெதுவாக மேலே வரும், வீடு போய்ச் சேருகிற வரைக்கும்.